வாய் திறக்காத குஞ்சுக்கு வற்புறுத்தி ஊற்றாதீர்கள்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஏதாவது ஒரு வீட்டுக்குப் புதிதாக ஒரு காக்கட்டீல் குஞ்சு, அதாவது சின்னக் கொண்டைக் கிளிக் குஞ்சு, வந்துவிடும். இறகு பாதி, முள் பாதி, பெரிய கண், பெரிய தலை. கூடவே ஒரு சிரிஞ்சு, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்ட கொஞ்சம் மாவு. "கையால ஊட்டி வளர்த்தா உங்களையே அம்மான்னு நெனச்சுக்கும்" என்று விற்றவர் சொல்லி அனுப்பியிருப்பார். மறுநாள் என் வீட்டு கேட்டில் யாராவது வந்து நிற்பார்கள். "அக்கா, வாயே தொறக்க மாட்டேங்குது."

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் யார் வீட்டில் என்ன வளர்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் வீட்டுக்குப் பின்னால் காக்கட்டீல் ஜோடிகள் வைத்திருப்பதால் எனக்கு டாக்டர் பட்டமே கொடுத்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் திரும்பத் திரும்ப ஒரே கூத்தைப் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

குஞ்சு பிடிவாதம் பிடிக்காது. "அடம் பண்ணுது", "ஏங்கிப் போச்சு", "கோவமா இருக்கு" என்று நாம்தான் கதை கட்டுகிறோம். அது சாப்பிடவில்லை என்றால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடாமல் அலகைப் பிரித்து ஊற்றுவதால்தான் நிறைய குஞ்சுகள் சாகின்றன. பறவையின் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கிறது. நமக்கு அதை மூட ஒரு மடல் உண்டு, பறவைக்கு அது கிடையாது. பசியோடு தலையை மேலும் கீழும் ஆட்டி விழுங்கும்போது அந்த வாய் தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். ஆட்டாத குஞ்சுக்கு ஊற்றினால் கஞ்சி நேராக நுரையீரலுக்குப் போகும். கொஞ்சம் போனாலே போதும். சில குஞ்சு கையிலேயே போய்விடும், சிலது நிமோனியா கண்டு நாலைந்து நாளில் போகும். வீட்டில் இருப்பவர்கள் "நல்லாத்தானே சாப்பிட்டுச்சு" என்பார்கள்.

என் பாட்டி ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போகும் அம்மாக்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளையைப் பாட்டி முதலில் உடம்பைத் தொட்டுப் பார்ப்பார். அடுத்து வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். கிண்ணத்தைக் கையில் எடுப்பது கடைசியில்தான். பறவைக் குஞ்சுக்கும் எனக்குத் தெரிந்த வரிசை இதுதான்.

முதலில் சூடு. இங்கேதான் நம் ஊரில் பெரிய தப்புக் கணக்கு. "இந்த வெயிலுக்கு எதுக்குக்கா பல்பு?" என்பார்கள். பகலில் நமக்கு வியர்க்கிறது, சரி. இறகு இல்லாத குஞ்சுக்குச் சுற்றிலும் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வேண்டும், முள் மாதிரி இறகு முளைத்து வரும் பருவத்தில் ஏறக்குறைய 29 முதல் 32. கூட்டில் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி அணைப்பார்கள், கூடப் பிறந்தவை ஒட்டிக்கொண்டு கிடக்கும். தனியாக ஒரு செருப்புப் பெட்டியில் கிடப்பதற்கு அந்த அணைப்பு எங்கே? இங்கே மழை பெய்த இரவில் விடியற்காலை 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடும். போதாததற்குத் தலைக்கு மேல் ஃபேன். உடம்பு குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது, பசியும் எடுக்காது.

போன விடுமுறையில் பின்வரிசை வீட்டிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பல்பு போட்டுத்தான் வைத்திருந்தோம் என்றார் அந்த அம்மா. பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்.ஈ.டி. பல்பு! நல்ல வெளிச்சம், சூடு மட்டும் இல்லை. பாவம், குஞ்சு ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை. கால் என் விரலில் பட்டபோது சில்லென்று இருந்தது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வைத்து, அதை விட்டு விலகிக்கொள்ளவும் இடம் இருக்கிற மாதிரி குஞ்சைப் பக்கத்தில் விட்டு, பெட்டியைப் பாதி மூடினேன். அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, காலையிலேருந்து வெறும் வயிறு. ஒரு வாயாச்சும் ஊத்துங்களேன்." முடியாது என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனேன். குளிர்ந்து கிடக்கும் குஞ்சுக்கு உணவு கொடுத்தால் அது கழுத்தடியில் உள்ள தீனிப்பையிலேயே தங்கிப் புளிக்கும். பசியைவிட அது ஆபத்து. பையன்தான் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். குஞ்சின் கால் சூடாகி, கத்தத் தொடங்கியதும் அவனே ஓடி வந்து சொன்னான். அதற்கப்புறம் அலகின் இரண்டு ஓரத்தையும் வெதுவெதுப்பான விரலால் லேசாகத் தொட்டதுமே தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சூடு அதிகமானாலும் கேடுதான். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், சிறகை உடம்பை விட்டுத் தள்ளி வைத்தால், பாட்டிலை எடுத்துவிடுங்கள். அப்புறம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் கொசுவர்த்தி ஏற்றும்போதும் குஞ்சு அதே அறையில் வேண்டாம். பறவையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது.

அடுத்தது தீனிப்பை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே பலூன் மாதிரி உப்பும் பை. குஞ்சு சாப்பிட மறுத்தால் அதை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். முந்தின வேளைக் கஞ்சி இன்னும் அங்கேயே இருந்தால் அது எப்படி வாய் திறக்கும்? இரவு நீண்ட இடைவெளிக்குப் பிறகு காலையில் அந்தப் பை காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கனமாக இருக்கிறது, வாயருகே மோந்தால் புளித்த வாடை அடிக்கிறது என்றால் உள்ளே கிருமியோ பூஞ்சையோ பெருகத் தொடங்கிவிட்டது. அதன் மேல் இன்னும் ஊற்றாதீர்கள். தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து எடுக்கிற வைத்தியமும் வேண்டாம், அதுவும் மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். கால்நடை மருத்துவரிடம் போங்கள். நம் பக்கத்தில் ஆடு மாடு பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஈப்போவுக்குப் போவதானால் கிளம்பும் முன்பே போன் செய்து பறவை பார்ப்பீர்களா என்று கேட்டுவிடுங்கள். அலைச்சல் மிச்சம்.

கிண்ணத்துக்கு வருவோம். கஞ்சி 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் நிறைய குஞ்சு துப்பிவிடும். 43ஐத் தாண்டினால் தீனிப்பை உள்ளே வெந்துபோகும். அந்தப் புண் உடனே வெளியே தெரியாது. சில நாள் கழித்துத் தோல் கறுத்து, ஓட்டை விழுந்து, ஊட்டிய கஞ்சி நெஞ்சு வழியாக ஒழுகும். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் பார்த்திருக்கிறேன். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும், அதனால் வெந்நீரில் கலக்குங்கள். கையில் விட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: என் வீட்டுக்காரர் வருடக்கணக்காகச் செம்பனைக் குலை வெட்டியவர். அவர் உள்ளங்கைக்குக் கொதிக்கிற காப்பியும் வெதுவெதுப்புதான். சமையலுக்கு விற்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசும் ஒன்று. தினமும் காலையில் ஊட்டுவதற்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். ஒரு வேளைக்கு உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 70 கிராம் குஞ்சுக்கு 7 மில்லி.

மாவு விஷயத்தில் நம்மவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. நெஸ்டம் என்கிற தானிய மாவைக் கலக்கிக் கொடுக்கிற பழக்கம். நெஸ்டத்தில் குறை ஒன்றும் இல்லை, அது மனிதர்கள் சாப்பிடுவதற்குச் செய்தது, அவ்வளவுதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காக்கட்டீல் குஞ்சுகளை வைத்தே ஆராய்ந்து 1986ல் வெளியிட்டார்கள்: நன்றாக வளர உணவில் 20 விழுக்காடு புரதம் வேண்டும். பறவைக் குஞ்சுக்கென்றே விற்கும் மாவு இருக்கும்போது எதற்குச் சோதனை? ஒரு வேளை அவசரத்துக்குக் கொடுத்தீர்கள் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். வாரக்கணக்கில் அதையே கொடுப்பவர்களிடம்தான் வருவேன். கலந்த கஞ்சியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள், அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது கெட்டுப்போக அதிக நேரம் ஆகாது.

"தோட்டத்துல மைனாக் குஞ்சுக்கு ரொட்டியும் பாலும் குடுத்தே வளர்த்தோமே" என்று நாலு பேர் கமென்ட்டில் எழுதுவீர்கள் என்று தெரியும். வளர்த்தோம்தான். பிழைத்த மைனாவுக்குப் பேர் வைத்தோம், அது தோளில் உட்கார்ந்த கதையை இன்றைக்கும் பேசுகிறோம். லயத்து வீடுகளுக்குப் பின்னால் புதைத்தவற்றை யார் எண்ணினார்கள்? பாலில் உள்ள சர்க்கரையைப் பறவையின் வயிறு செரிக்காது. மைனா தன் குஞ்சுக்குக் கொண்டுவந்து கொடுப்பது புழு பூச்சிகளைத்தான். இன்னொன்று, காட்டுக் கிளிக் குஞ்சைப் பொந்திலிருந்து எடுத்து வருகிறவர்கள் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) வந்தால் "பாவம்னு எடுத்தேன்" என்பது எடுபடாது.

உடம்பு சூடாக இருக்கிறது, பை காலி, கஞ்சியும் பக்குவம். இருந்தும் மறுக்கிறதா? விற்றவரைக் கூப்பிட்டு எதைக் கொண்டு ஊட்டினார் என்று கேளுங்கள். ஓரம் மடக்கிய கரண்டியில் சாப்பிட்டுப் பழகியதற்குச் சிரிஞ்சு என்றால் என்னவென்றே தெரியாது. சிரிஞ்சில் ஊட்டுவதானால் குஞ்சின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் நோக்கிப் பிடியுங்கள், உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாகத்தான் இறங்குகிறது.

வயதையும் கேளுங்கள். காக்கட்டீல் ஏறக்குறைய 5 வாரத்தில் பறக்கப் பார்க்கும். அந்தச் சமயத்தில் கஞ்சியைத் தட்டிவிடும், எடையும் கொஞ்சம் குறையும். பத்து விழுக்காடு வரை குறைவது இயல்பு. பறக்கத் தோதாக உடம்பு இளைக்கிறது. உடனே பயந்து அமுக்கிப் பிடித்து ஊற்றினால் சிரிஞ்சைக் கண்டாலே ஓடும். தினைக் கதிரைத் தொங்கவிடுங்கள், ஊறவைத்த தானியம் தட்டில் போடுங்கள், காலையும் இரவும் மட்டும் கஞ்சியைக் காட்டுங்கள். வேண்டுமென்றால் குடிக்கும். தானாகச் சாப்பிட்டு நிற்கப் பெரும்பாலும் 7 வாரமாவது ஆகும், சிலது 10 வாரம்கூட எடுக்கும். எடை மட்டும் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால், அல்லது குஞ்சு இறகு பொங்கிச் சுருண்டு உட்கார்ந்திருந்தால், அது பருவம் இல்லை, நோய். காத்திருக்காதீர்கள். மருத்துவர் குழாய் வழியாக ஊட்டுவார். யூடியூப் பார்த்துவிட்டு அதை நாம் செய்யக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். இத்தனை பாடும் எதற்கு? அந்தக் குஞ்சை அதன் அம்மா அப்பாவே இலவசமாக வளர்த்திருப்பார்கள். கையால் ஊட்டினால்தான் பழகும் என்பது வியாபாரப் பேச்சு. அதே டேவிஸ் வளாகத்தில் அமேசான் கிளிகளை வைத்துப் பார்த்தார்கள். பெற்றோரிடமே வளரும் குஞ்சை மனிதர்கள் அடிக்கடி கையில் எடுத்துப் பழக்கினாலே போதும், அது சாதுவாகிறது என்று 1999ல் எழுதினார்கள். என் வீட்டுப் பறவைகளிலும் நான் பார்ப்பது அதுதான். கூட்டிலிருந்து எடுத்துக் கொஞ்சிவிட்டுத் திரும்ப வைக்கிறேன். வளர்ந்ததும் தோளில் வந்து உட்காருகின்றன.

பால்குடி மறக்காத குஞ்சை விற்பதில் யாருக்கு லாபம்? விற்கிறவருக்கு. வாரக்கணக்கில் ஊட்டுகிற வேலையும் மாவுச் செலவும் மிச்சம், செத்தால் அது வாங்கியவர் கணக்கு. "நீங்க ஒழுங்கா ஊட்டல" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். மிருக நலச் சட்டம் 2015 என்று ஒன்று இருக்கிறது, வளர்ப்பவரின் கடமையை அது பேசுகிறது. ஆனால் எல்லாவற்றையும் சட்டம் வந்து பார்க்கட்டும் என்று நான் காத்திருக்கத் தயாரில்லை. வாங்குகிறவர்கள் கேட்டாலே போதும்: "என் கண் முன்னாடி தானா கொறிச்சுக் காட்டுமா?" காட்டாவிட்டால் காசை எடுக்காதீர்கள். தானாகச் சாப்பிடும் பறவைக்குச் சில பத்து வெள்ளி (ரிங்கிட்) கூடக் கேட்பார்கள், கேட்கட்டும். அது நியாயமான காசு.

என்னிடம் குஞ்சு கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பவர்களுக்கும் இதுதான் பதில். இந்த முறை பொரித்தவை இன்னும் அம்மாவிடம்தான் சாப்பிடுகின்றன. தட்டில் உள்ளதை அவையே தின்னத் தொடங்கி, எடை நிலைத்த பிறகுதான் கொடுப்பேன். பிள்ளையின் பிறந்தநாள் முந்திவிடுகிறது என்றால் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.