தேயிலைப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா?

போன டிசம்பரில் கோத்தகிரிப் பக்கம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் பல வருஷமாகக் கிளை வெட்டிக் கவாத்து பண்ணாமல் விட்ட ஒரு துண்டு நிலம். ரெண்டு ஆள் உயர மரங்கள், கிளையெல்லாம் வெள்ளைப் பூ. தலை கவிழ்ந்து தொங்குகிறது, நடுவில் மஞ்சள் குஞ்சம். "என்ன மரம்?" என்றேன். "தேயிலைதாங்க" என்றார். ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவன் நான். வெட்கமாக இருந்தது.

நண்பரின் பாட்டி 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து வந்தவர். வந்த இடத்திலும் கொழுந்துதான் பறித்தார். "பூத்தா சும்மா விடுவாங்களா தம்பி? பூவுக்குப் போற சத்து கொழுந்துக்கு வராதே" என்றார்.

ஊட்டி ரோட்டில் வண்டியை நிறுத்தி, பச்சைக் கம்பளம் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு "இயற்கை அழகு" என்று பதிவு போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். இனி எனக்கு அப்படி எழுத வராது. அந்தக் கம்பளத்தின் ஒவ்வொரு தூரும் ஒரு மரம். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவாத்துக் கத்தி, நடுவில் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொழுந்து கிள்ளும் விரல்கள். அதனால்தான் அது இடுப்பைத் தாண்டி வளராமல் நிற்கிறது. மலை தானாக அப்படிப் பச்சையாகிவிடவில்லை.

விதைக்காகவாவது முன்னெல்லாம் சில மரங்களைப் பூக்க விட்டார்கள். இப்போது ஒரு இலையோடு தண்டை வெட்டி பாலிதீன் பையில் ஊன்றினால் நாற்று தயார். பூவுக்கு அந்த வேலையும் போச்சு.

தேயிலையின் கூடப்பிறந்த செடி ஜப்பான் கமேலியா. அதன் யோகத்தைப் பாருங்கள். நவம்பரில் அங்கே தேநீர்ச் சடங்கு நடக்கும் அறையில் தரையடுப்பைத் திறந்ததும், பாதி விரிந்த ஒரே ஒரு கமேலியா மொட்டைக் குவளையில் வைத்து, விருந்தாளி அதற்கு முன்னால் உட்கார்ந்து கும்பிடுகிறார். அங்கே அக்காவுக்குப் பூ, தங்கைக்கு இலை. (கமேலியா என்ற பேரே மணிலாவில் மருந்துச் செடிகளை ஆராய்ந்த காமெல் என்ற இயேசு சபைச் சகோதரருடையது. செடிகளுக்கு அறிவியல் பேர் வைத்த லின்னேயஸ் 1753-ல் தேயிலையை வேறு பேரினப் பேரில் எழுதிவைத்தார். ரெண்டும் ஒரே பேரினத்துக்குள் வந்தது ரொம்பப் பிற்பாடு.)

அங்கே ஒரு பூவுக்குக் கிடைக்கிற அந்த ஒரு நிமிஷம் இங்கே நம் மலைகளில் செடிக்கும் கிடைக்கவில்லை, கூடை சுமந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசை காட்டித்தானே நம் ஆட்களை இலங்கைக்குக் கப்பல் ஏற்றினார்கள்!

கிளம்பும்போது பாட்டியிடம் ஒரு பூ பறித்துத் தரச் சொன்னேன். கிளையை வளைத்தார். விரல் பூவைத் தாண்டிப் போய், ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, தோளுக்குப் பின்னால் போட்டது. கொழுந்து தரையில் விழுந்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தார், கூடை இல்லை என்று.