பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

"மாமா, ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டா போதும், எல்லா கேமும் ஓடும்" என்று திருமங்கலத்தில் இருக்கும் அக்கா மகன் சொன்னபோது நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது 2012-இல் வந்த இன்டெல் ஐ5 3470 பிராசசர், நாலு கோர், பழைய வகை டிடிஆர்3 ராம். செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு வாங்கினோம். அடுத்த வாரம் ராம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபி. அப்புறம் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் ஒருநாள் 'டப்' என்று போய்விட, அதுவும் புதுசு. தவணை தவணையாக 11,000 ரூபாய் போயிருந்தது.

கேம் ஓடியதா என்றால், ஓடியது. ஆனால் ஆள் நிறைய வரும் இடத்தில் படம் அரை நொடி நின்று நின்று வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன்: பிராசசர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, கார்டு 50-ஐத் தாண்டவில்லை. பிராசசர் வேலையைத் தயார் செய்து கொடுத்தால்தானே கார்டு வரையும்? கூலரைக் கழற்றினால், பிராசசர் சூட்டைக் கூலருக்குக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் திருநீறு மாதிரி உதிர்ந்தது. அதை மாற்றியதும் சூடு குறைந்தது, நின்று நின்று வருவது குறையவில்லை.

கோளாறு ஏதாவது ஒரு பாகத்தில் என்றால் மாற்றிவிடலாம், இங்கே போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டே முடிந்துபோன சாக்கெட். அந்தப் போர்டில் பிராசசரை மாற்ற நினைத்தாலும் ஐ7 3770-க்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது, அதுவும் அதே 2012 சரக்கு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், 3470 மூன்றாம் தலைமுறை. வாலரன்ட் விளையாடும் பையன்களுக்கு இது இன்னும் நேரடியான சிக்கல், விண்டோஸ் 11-இல் டிபிஎம்மும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே சோதிக்கும் செக்யூர் பூட்டும் இல்லையென்றால் அந்த கேம் உள்ளேயே விடாது.

அதனால் நான் அடித்துச் சொல்கிறேன், கையில் 10,000 இருந்தால் அதைப் பழைய பெட்டியில் போடாதீர்கள். இன்னும் ஆறு மாதம் சேர்த்து, கார்டே இல்லாமல் புது செட் அசெம்பிள் செய்யுங்கள். "கார்டு இல்லாம கேமிங்கா?" என்று அக்கா மகனும் முகத்தைச் சுருக்கினான். ஏஎம்டி-யின் ரைசன் 5 5600ஜி பிராசசரில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஆறு கோர். வாலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்து வைத்தால் தாராளமாக ஓடும். பி450 அல்லது பி550 போர்டில் அதை உட்கார வைத்தால் நாளைக்கு ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டைச் செருகிக்கொள்ளலாம், அதற்கும் பின்னால் அதே போர்டில் 5700எக்ஸ்3டி மாதிரி பெரிய பிராசசருக்கும் ஏறலாம். இப்படிப் போடும் காசு அடுத்த படிக்கும் கூடவே வருகிறது. ஏஎம்டி-யின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 இன்னும் புதுசுதான், ஆனால் அதற்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான் சேரும், 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் எங்கள் பட்ஜெட்டுக்கு அது ஒத்துவரவில்லை.

ராம் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டு வாங்குங்கள். இந்த பிராசசரில் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும், ஒரே குச்சி போட்டால் அதற்குப் போகும் பாதை பாதியாகிவிடும். கேமில் அது கண்ணுக்கே தெரியும். டவுன்ஹால் ரோடு பக்கம் நான் போன ஒரு கடையில் ஒரே குச்சியைத்தான் முதலில் எடுத்து வைத்தார்கள், கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். கேளுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்-இல் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். எங்கள் பக்கம் கோடையில் கரண்ட் எப்படி ஏறி இறங்கும் என்று தெரியும். போன பழையதையும் புது 550 வாட்ஸ் '80 பிளஸ் பிரான்ஸ்' (Bronze) தரத்தையும் இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தேன், பழையதன் மேல் 450 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது, காலி டப்பா மாதிரி இருந்தது. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குகிறவர்களும் ஜாக்கிரதை. 2022 செப்டம்பரில் கார்டுகளை ஓடவிட்டு எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது ராப்பகலாக ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியில் நாங்களும் 5600ஜி செட்டே போட்டோம்; மானிட்டர், கீபோர்டு, மவுஸ், எஸ்எஸ்டி எல்லாம் பழையதையே எடுத்துக்கொண்டோம், ஏற்கெனவே வாங்கிய 1650-உம் இப்போதைக்குப் புது போர்டில்தான் இருக்கிறது. பழைய போர்டையும் சும்மா விடவில்லை. அக்காவின் தையல் கடைக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டேன். பில் அடிக்கிறது, பாட்டுப் பாடுகிறது, அந்த வேலைக்கு அது இன்னும் நாலு வருஷம் தாங்கும்.