மறுபடி படித்தால் பழைய கிரேடு அழியாது

அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) குறைவாக இருந்தால், "சறுக்கிய பாடத்தை மறுபடி எடுங்கள், பழைய கிரேடு போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் கல்லூரி தன் கணக்கில் பழையதை நீக்கலாம். ஆனால் பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான ஏஏடிஎஸ்ஏஎஸ் விண்ணப்பத்தில் இரண்டு முறை எடுத்ததும் கணக்கில் வரும். 4 கிரெடிட் (பாடத்தின் எடை) ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் டி (1 புள்ளி), அடுத்து ஏ (4 புள்ளி) என்றால், 8 கிரெடிட்டுக்குச் சராசரி 2.5 தான். என் அக்கா மகள் விண்ணப்பம் நிரப்பியபோது பக்கத்தில் இருந்தேன். முதல் வருட டி-யை அவளே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கட்டத்தில் ரொம்ப நேரம் விரல் நின்றது.

அதற்காக மனம் விட்டுவிடாதீர்கள். 120 கிரெடிட்டுக்கு 2.8 வைத்திருப்பவர் இன்னும் 30 கிரெடிட்டில் 4.0 எடுத்தால் மொத்தம் 3.04 ஆகும். ஏற்றம் சின்னதுதான். ஆனால் அந்த 30 கிரெடிட்டும் கடினமான அறிவியல் பாடங்களாக இருந்தால், நீங்கள் இப்போது எப்படிப் படிக்கிறீர்கள் என்பது தேர்வுக்குழுவின் கண்ணில் படும். அப்புறம், முதுகலை ஜிபிஏ தனி வரியில் வரும், இளங்கலை ஜிபிஏவை மாற்றாது. டெக்சாஸ் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் டெக்சாஸ்காரர்களுக்கு விண்ணப்பமே வேறு, அதன் விதிகளைத் தனியாகப் படித்துவிடுங்கள்.