அந்த ஆய்வில் டேப்லெட்டே இல்லை
டேப்லெட்டில் எழுதினால் பாடம் மனத்தில் தங்காது என்று 2014 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு நிரூபித்துவிட்டதாக இந்த விவாதத்தில் ஒருவர் கூறியிருப்பது பிழை. உளவியல் ஆய்வாளர்களான முல்லரும் ஓப்பன்ஹைமரும் செய்த அந்த ஆய்வு, மடிக்கணினியில் தட்டச்சு செய்தவர்களையும் காகிதத்தில் பேனாவால் எழுதியவர்களையும் ஒப்பிட்டதே தவிர, திரையில் எழுதுவோரைச் சேர்க்கவேயில்லை. மாறாக, 2024 இல் வெளிவந்த நார்வே ஆய்வில், 36 மாணவர்கள் தொடுதிரையில் டிஜிட்டல் பேனாவால் கையெழுத்தாக எழுதியபோதுதான், தட்டச்சைவிட மூளைப் பகுதிகளுக்கிடையே விரிவான இணைப்பு பதிவானது. எனினும் அது நினைவாற்றலை நேரடியாகச் சோதிக்கவில்லை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து குறிப்பெடுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டுவதைவிடத் திரையில் எழுதுவது எளிதாகவே இருக்கிறது. டேப்லெட்டின் கண்ணாடித் திரையில் பேனா முனை வழுக்குகிறது என்று அதே நபர் சொன்ன குறை மட்டும் உண்மை.