வெளியேறாதவர்களைத் திட்டுவதை முதலில் நிறுத்துவோம்

ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் ஒரே வசை கிளம்புகிறது. "அத்தனை முறை எச்சரித்தும் அந்த மக்கள் கிளம்பவில்லையே, உயிர் பெரிதா, தட்டுமுட்டுச் சாமான் பெரிதா?" உறுதியான கூரைக்கடியில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிறவர்கள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஆனாலும் அந்தக் கேள்வி நல்ல கேள்விதான். ஏன் கிளம்பவில்லை? இதைத் திட்டுவதற்காகக் கேட்காமல், பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட இடங்களில் சாவு குறைந்திருக்கிறது. கேட்காத இடங்களில், நாடு எவ்வளவு வசதியானதாக இருந்தாலும், எளியவர்கள்தான் கொத்தாகச் செத்திருக்கிறார்கள்.

வங்கதேசத்திலிருந்து தொடங்குகிறேன். 1970 நவம்பரில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையைத் தாக்கிய போலா புயலில் இறந்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1991 ஏப்ரலில் சிட்டகாங் பகுதியைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர். 2007இல் சித்ர் புயலில் சுமார் 3,400 பேர். 2020 மே மாதம் அம்பான் வந்தபோது, கொரோனா முடக்கத்துக்கு நடுவிலும், வங்கதேசத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் முன்கூட்டியே புகலிடங்களுக்குச் சென்றுவிட்டார்கள். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். ஒவ்வொரு புயலும் வேகத்திலும் கரை தொட்ட இடத்திலும் வேறுபட்டது. நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அப்படியும், லட்சங்களில் எண்ணிய சாவை ஓர் ஏழை நாடு பத்துகளில் எண்ணும் அளவுக்குக் கொண்டுவந்திருப்பதை நம் காலத்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் கருதுகிறேன். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

அவர்கள் செய்ததில் செயற்கைக்கோளும் ரேடாரும் உண்டு. ஆனால் அந்தத் தகவலைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மனிதர்கள். 1970 பேரழிவுக்குப் பின் செஞ்சிலுவை இயக்கமும் அரசும் சேர்ந்து உருவாக்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவரவர் ஊரிலேயே வாழ்கிறவர்கள். அபாயம் கூடக்கூடக் கம்பத்தில் கொடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள், மெகாபோனில் அறிவிக்கிறார்கள், கையால் சுழற்றும் சைரனை ஒலிக்கவிடுகிறார்கள், கடைசியில் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் தட்டுகிறவர் அந்நியராக இருந்தால் "பார்க்கலாம்" என்று உள்ளே போய்விடும் கிழவி, தன் பேரனோடு படித்த பெண் வந்து கையைப் பிடித்தால் எழுந்து வருகிறாள். எந்தச் செயலியாலும் இதைச் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

1991இல் வேறொரு கொடுமையும் தெரியவந்தது. இறந்தவர்களில் பெண்களின் பங்கு மிக அதிகம். 20 முதல் 44 வயதுக்குள் பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. காரணம் தேடியபோது கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாகப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது. வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குழந்தைகளோடு தண்ணீரில் இறங்கினார்கள். புடவை காலைச் சுற்றியது. நீச்சல் யாரும் கற்றுத்தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, புகலிடத்தில் ஆண்களோடு ஒரே கூடத்தில் இரவைக் கழிக்க அஞ்சினார்கள். அங்கே தனிக் கழிப்பறை இல்லை. அதாவது, ஒரு கழிப்பறை இல்லாததால் செத்தவர்கள் இருக்கிறார்கள். பின்னர் கட்டிய புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பறையும் வந்தன. இன்று அந்தத் தன்னார்வலர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள்.

எனவே ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கல்வெட்டையும் திறப்பு விழாப் படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் அங்கே போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய தளத்துக்கு ஏற, படிக்கட்டு மட்டும்தானா, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளமும் உண்டா? மேல்தளத்தில் குடிதண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, அல்லது தண்ணீருக்காக மறுபடி வெள்ளத்துக்குள் இறங்க வேண்டுமா? முக்கியமாக, சாவி யாரிடம் இருக்கிறது? பத்துக் கிலோமீட்டர் தள்ளி வசிக்கும் ஓர் அதிகாரியின் மேசை இழுப்பறையில் சாவி கிடந்தால் அந்தக் கட்டடம் இருந்தும் இல்லாததே. ஒடிசாவில் 1999 பெரும்புயல் சுமார் 10,000 பேரைக் கொன்றபின் கட்டிய புகலிடங்களில் பலவற்றைப் பள்ளிக்கூடமாகவும் ஊர்ப் பொதுக்காரியங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். அன்றாடம் ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் மறுநாளே தெரிந்துவிடும். 2013 பைலின் புயலின்போது அங்கே பல லட்சம் பேர் வெளியேறினார்கள். இறந்தவர்கள் நூறைக்கூடத் தொடவில்லை.

அடுத்த காரணம் மாடு. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். கடன் வாங்கி வாங்கிய ஒரு கறவை மாடுதான் ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கும் காப்பீடும் மகளின் படிப்பும் என்றால், அதைக் கயிற்றில் கட்டிவிட்டு ஓடுவது எளிதன்று. வங்கதேசத்தில் இதற்கென்றே மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடுகள் உண்டு; கில்லா என்பார்கள். கால்நடைகளை அங்கே ஏற்றிவிட்டால் மனிதர்கள் தைரியமாகப் புகலிடத்துக்குப் போகிறார்கள். இதைப் பின்தங்கியவர்களின் பிடிவாதம் என்று எண்ணுவோர் அமெரிக்காவைப் பாருங்கள். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது வளர்ப்பு நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் பலர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். மறு ஆண்டே, வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அந்த நாடு சட்டம் போட்டது. மனித மனம் எங்கும் ஒன்றுதான்.

கத்ரீனாவில் இன்னொன்றும் நடந்தது. நியூ ஆர்லியன்ஸ் மக்களை வெளியேறச் சொன்னார்கள். கார் இல்லாதவர்கள் எதில் போவது என்பதற்குச் சரியான ஏற்பாடு இல்லை. லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். 2021 ஜூலையில் ஜெர்மனியில் ஆர் என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில், சின்சிக் நகரில் மாற்றுத்திறனாளிகள் வாழ்ந்த ஓர் இல்லத்துக்குள் இரவில் தண்ணீர் புகுந்து 12 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியாவில் வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆனால் மக்களின் கைப்பேசிக்கு அபாயச் செய்தி வந்தது இரவு எட்டு மணிக்கு மேல். அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் மார்பளவுக்கு ஓடியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பணமும் கருவியும் இந்த மூன்று இடங்களிலும் இருந்தன. நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்கப் போகிறவர் யார், எத்தனை மணிக்குத் தூக்குவது என்ற முடிவுகள்தான் இல்லை.

அந்த முடிவுகள் கியூபாவில் இருக்கின்றன. அந்த நாட்டின் அரசியலைப் பற்றி ஆயிரம் விமர்சனங்கள் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் சூறாவளிப் பருவம் தொடங்குமுன் நாடு முழுவதும் இரண்டு நாள் ஒத்திகை நடத்துகிறார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார் என்பது அந்தத் தெருவின் குடும்ப மருத்துவருக்கும் அக்கம்பக்கக் குழுவுக்கும் தெரியும். இதற்குச் செலவு மிகக் குறைவு. ஆண்டுக்கொரு முறை வீடு வீடாகப் போய்ப் பட்டியலைப் புதுப்பிக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

இப்போது பணம். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். வெள்ளம் வந்தபின் கொடுக்கும் உதவியை உலகம் முழுவதும் நிவாரணம் என்று கொண்டாடுகிறோம். அதற்குள் அந்தக் குடும்பம் ஆட்டைப் பாதி விலைக்கு விற்றிருக்கும், கந்துவட்டிக்குக் கடன் வாங்கியிருக்கும், மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருக்கும். அந்த இழப்பை ஒரு மூட்டை அரிசியால் ஈடுகட்ட முடியாது. வெள்ளம் வரப்போகிறது என்று பத்து நாள் முன்பே கணிக்க முடிகிற காலத்தில் பணம் ஏன் தண்ணீருக்குப் பின்னால் வர வேண்டும்?

2020 ஜூலையில் இதைச் செய்து பார்த்தார்கள். ஜமுனா ஆற்றில் (வங்கதேசத்தில் பிரம்மபுத்திராவின் பெயர் அதுதான்) பெருவெள்ளம் வரும் என்ற முன்கணிப்பு, ஏற்கெனவே பேசி வைத்திருந்த அளவைத் தொட்டவுடனே, ஐ.நா.வின் அவசரகால நிதியிலிருந்து பணம் விடுவிக்கப்பட்டது. உலக உணவுத் திட்டம் கரையோரக் குடும்பங்களின் கைப்பேசிக் கணக்குக்கு, குடும்பத்துக்கு 4,500 டாக்கா, அதாவது சுமார் 53 டாலர், வெள்ளம் உச்சத்தைத் தொடுமுன் அனுப்பியது. பிறகு ஆய்வாளர்கள் போய், பணம் கிடைத்த குடும்பங்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். வெள்ள நாட்களில் ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடக்கும் வாய்ப்பு, பணம் கிடைத்தவர்களுக்கு 36 விழுக்காடு குறைவாக இருந்தது. ஐம்பத்து மூன்று டாலர்! பேரிடருக்குப் பின் பறக்கும் ஹெலிகாப்டர்களின் எரிபொருள் செலவோடு இதை யாராவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முன்கூட்டிய பணம் என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். அன்றைய கூலியை இழந்தாலும் அடுப்பெரியும் என்பதால் தகப்பன் வேலைக்குப் போகாமல் வீட்டைக் கட்டுகிறான். தகரக் கூரையை வெறும் ஆணியில் விட்டுவைத்தால், காற்று அடியில் புகுந்து ஆணியோடு பிடுங்கி எறியும். அந்தத் தகரமே பறந்து போய் அடுத்த வீட்டுக்காரரின் கழுத்தை அறுக்கும். கொக்கி ஆணியும் அகன்ற வளையமும் போட்டு, கூரைச் சட்டத்தை உத்தரத்தோடும், உத்தரத்தைக் கம்பத்தோடும், கம்பத்தைத் தரையோடும் இரும்புப் பட்டையாலோ முறுக்கிய கம்பியாலோ கட்டிவிட்டால் கூரை நிற்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. சுவருக்குக் குறுக்குச் சட்டம் கொடுக்க வேண்டும். வீட்டின் அடித்தளத்தைப் பழைய வெள்ளம் ஏறிய அளவுக்கு மேல் உயர்த்த வேண்டும். கடினமான பொறியியல் எதுவும் இதில் இல்லை. உள்ளூர்த் தச்சருக்கும் கொத்தனாருக்கும் சில நாள் பயிற்சியும் சாமானும் கொடுத்தால் போதும். ஆனால் இதற்கு நன்கொடை கேட்டால் யாரும் தருவதில்லை. வீடு இடிந்த பிறகு எடுத்த படத்துக்குத்தான் தருகிறார்கள்.

"ஆபத்தான இடத்தில் ஏன் குடியிருக்கிறார்கள், வேறிடத்துக்கு மாற்றிவிடலாமே" என்பது அடுத்த யோசனை. சில இடங்களில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் எப்படி மாற்றுகிறோம்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் வரை வீடு கட்டத் தடை விதித்தார்கள். மீனவர் குடிசை கூடாது. சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விலக்கு. கடல் எல்லோரையும் ஒன்றாகத்தான் அடிக்கும் என்றால் இந்த விலக்கு எதற்கு? வலையும் படகும் கரையில், வீடு மட்டும் உள்நாட்டில் என்றால் அந்த மனிதர் மறுபடி கரைக்கு வந்து குடிசை போடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். நெதர்லாந்தில், 1993, 1995 வெள்ளங்களுக்குப் பின் ஆற்றுக்கு இடம் விடும் பெருந்திட்டத்தில், ஓவர்டீப்ஸே என்ற தாழ்நிலத்து விவசாயிகள் தாங்களே ஒரு யோசனை சொன்னார்கள். நிலத்தில் வெள்ளம் பாயட்டும், வீட்டையும் தொழுவத்தையும் உயர்ந்த மேடுகள் போட்டுக் கட்டித்தாருங்கள் என்றார்கள். அப்படியே நடந்தது. எல்லாக் குடும்பங்களும் அங்கே தங்கவில்லை. போனவர்கள் இழப்பீடு பெற்றுக்கொண்டு போனார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி இருந்தது என்பதுதான் வேறுபாடு.

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது, சரியாகத்தான். 1999இல் ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில், கடலுக்கும் ஊருக்கும் இடையே அகலமான அலையாத்தி இருந்த கிராமங்களில் இறப்பு குறைவாக இருந்ததை ஆய்வு காட்டியது. நடுவதோடு நின்றுவிடாமல், அதை நம்பி வாழும் நண்டு பிடிப்பவர்களுக்கும் மீனவர்களுக்கும் உரிமை கொடுத்தால் காடு நிற்கும்.

எளிய மக்களின் மனவலிமையைப் புகழும் பதிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை. இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்கும் சிறுவனின் படத்தைப் போட்டு "இவர்களை எதுவும் வீழ்த்தாது" என்று எழுதுகிறோம். வீழ்த்துகிறது. அவன் படிப்பு நிற்கிறது, தங்கைக்குச் சேற்றுப்புண் வருகிறது, தாய் இரண்டாம் முறையாகக் கடன் வாங்குகிறாள். அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதற்காக நாம் எதுவும் செய்யாமல் இருக்கலாம் என்றாகிவிடாது.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் உங்கள் உள்ளாட்சிக் கூட்டத்துக்குப் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். தனியே நடக்க முடியாதவர்களின் பட்டியல் இருக்கிறதா, அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிச் செல்லப் பொறுப்பேற்றவர் பெயர் எழுதியிருக்கிறதா? புகலிடத்தின் சாவி யார் வீட்டில் இருக்கிறது? மாடுகளை எங்கே கட்டுவது? வாடகைக் குடிசையில் இருப்பவரும், பத்திரம் இல்லாத நிலத்தில் இருப்பவரும், வேறு மாநிலத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளியும் உதவிப் பட்டியலில் உண்டா? பதில் சொல்ல யாராவது தடுமாறினால் அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம். பட்டியலை எழுத ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நீங்களே முன்வந்தால் இன்னும் நல்லது.