எந்தப் பழைய நிலை?

பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்து ஆர்கனைச் சீரமைத்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்தப் பைப் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய வாத்தியம்) 1868-ல் காவாயே-கோல் என்ற ஆர்கன் தயாரிப்பாளர் செய்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது பாதிக் கதைதான். 1733-ல் தியெரி என்பவர் கட்டிய ஆர்கனின் குழாய்கள் பலவற்றை வைத்துக்கொண்டுதான் அவர் புதிதாக அமைத்தார். 1960-களில், கொஷெரோ அங்கே ஆர்கன் வாசித்த காலத்தில், அதை இயக்க மின்சாரம் புகுந்தது, 1992-ல் கணினி. 2019-ல் தேவாலயம் தீப்பிடித்தபோது ஆர்கன் எரியவில்லை, ஈயத் தூசிதான் படிந்தது. ஏறக்குறைய 8,000 குழாய்களைத் துடைத்து, 2024 டிசம்பரில் மறுபடி வாசித்தார்கள்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், காரைக்குடியில் அப்பா ஆர்மோனியம் பழுது பார்த்தவர். பக்கத்து ஊர் தேவாலயத்திலிருந்து, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று வந்தது. துருத்தித் தோலை எலி கடித்து வைத்திருந்தது. இன்னொரு மூலையில் யாரோ எப்போதோ ஒட்டிய சைக்கிள் ட்யூப் துண்டு. கடித்த இடத்துக்கு அப்பா ஆட்டுத்தோல் வைத்தார். அப்புறம் சுதி. ஒலி எழுப்பும் பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். கொஞ்சம் கூடினாலும் நாக்கு போச்சு. ட்யூபைப் பிய்க்கப் போன என்னைத் தடுத்துவிட்டார். "காத்து நிக்குதுல்ல? இருந்துட்டுப் போகட்டும்."

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'ஆர்கனைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 1733-ஆ, 1868-ஆ, 1992-ஆ?