விட்ச்சுக்கு தமிழ்ல என்ன பேரு வெக்கறது

ரெண்டு வாரமா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க ஆச்சிக்கு ஒரு இங்கிலீஷ் நாவல தமிழ்ல சொல்லிட்டு வரேன். மும்பை கிங்ஸ் சர்க்கிள் பிளாட்பாரத்துல பழைய புக்கா வாங்கினது. ஒரு விட்ச்சுக்கும் ஒரு ஃபேரி இளவரசனுக்கும் வர்ற காதல், அறுநூறு பக்கத்துக்கு மேல. காலைல சயான்ல ட்ரெயின் ஏறி காட்கோபர்ல மெட்ரோ மாறி அந்தேரி போய்ச் சேர்றதுக்குள்ள படிக்கறது, ராத்திரி தாராவி வீட்டுக்கு வந்து அத ஆச்சிகிட்ட சொல்றது. ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி கொஞ்ச நாள் டிவி வேணாம்னு வெச்சிருக்கோம், அப்டித்தான் இது ஆரம்பிச்சது.

முதல் நாளே முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். "ஒரு ஊர்ல ஒரு..." அடுத்து என்ன சொல்ல? டிக்ஷனரில பாத்தா விட்ச்னா சூனியக்காரி. அந்த வார்த்தய எங்க வீட்ல யாரும் சொல்ல மாட்டோம்.

ஆச்சி திருநெல்வேலி பக்கத்துலருந்து கல்யாணமாகி வந்த நாள்லருந்து எங்க சந்துல பிரசவம் பாத்தவ, பிள்ளைக்கு மாந்தம்னா மருந்து அரைச்சுக் குடுப்பா, பயந்த பிள்ளைக்கு வேப்பிலையால தடவி திருநீறு போடுவா, ஒரு பைசா வாங்கினதில்ல. நான் ஆறாவது படிக்கும்போது பக்கத்து சந்துல ஒரு கைக்குழந்தை காய்ச்சல்ல இறந்து போச்சு, ஆச்சி தொட்டுட்டுப் போன மறுநாள். அந்த வீட்டு ஆளுங்க நம்ம வாசல்ல வந்து நின்னு அந்த வார்த்தய சொன்னாங்க. அதுக்கப்புறம் மாசக்கணக்கா ஆச்சி குழாயடில நின்னா மத்த பொம்பளைங்க குடத்தத் தூக்கிட்டு நகர்ந்துடுவாங்க. அப்போ இப்டி ஒருத்தர் மேல பழி சொன்னா கேஸ் போடலாம்னு தனிச் சட்டம் எதுவும் மகாராஷ்டிரால இல்ல. மூடநம்பிக்கைய எதிர்த்து வேலை செஞ்ச நரேந்திர தாபோல்கர் பல வருஷம் அதுக்காகப் போராடி, 2013 ஆகஸ்ட் 20 புனேல அவர சுட்டுக் கொன்ன பிறகுதான் அந்த வருஷமே வந்துச்சு. ஜார்க்கண்ட்ல 2001லயே வந்துடுச்சு, ஏன்னா அங்க டாயன்னு, அதாவது இதே வார்த்தைக்கு ஹிந்திப் பேர், பட்டம் கட்டி பொம்பளைங்கள அடிச்சே கொன்னுட்டு இருந்தாங்க, பல நேரம் அந்தம்மா பேர்ல இருக்கற துண்டு நிலத்துக்காக.

அதனால அன்னிக்கு நான் முழிச்சேன். ஆச்சி கேட்டா, "அவ என்ன சோலிட்டி பாக்கா?" மூலிகை பறிப்பா, மருந்து காய்ச்சுவா, காத்து மழை அவ பேச்சக் கேக்கும்னேன். "அப்பம் மருத்துவச்சின்னு சொல்லு, அதுக்கு எதுக்கு இப்டி யோசிக்க." அவ்ளோதான், ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டா.

அடுத்து ஃபேரி. நான் தேவதைன்னு ஆரம்பிச்சேன், எல்லாரும் அப்டித்தான மொழிபெயர்க்கறாங்க. ஆச்சிக்கு ஒட்டவே இல்ல. "தேவதைன்னா கும்புட வேண்டியதுதான, இவ எதுக்கு அவனப் பாத்து பயப்படுதா?" நியாயமான கேள்வி. அப்புறம் விளக்கிச் சொன்னேன், அவங்க உலகத்துல குடுக்கறத சாப்டா திரும்பி வர முடியாது, அங்க ஒரு ராத்திரி தங்கினா இங்க வருஷக்கணக்கு போயிருக்கும், இரும்புன்னா அவங்களுக்கு ஆகாது, ஸ்காட்லாந்துல பழைய ஆளுங்க அவங்க பேரக்கூட சொல்ல மாட்டாங்க, பயத்துல நல்ல அண்டை வீட்டுக்காரங்கன்னுதான் சொல்லுவாங்க. ஆச்சி படுத்திருந்தவ எந்திரிச்சு உக்காந்துட்டா. "இது நம்ம ஆளுல்லாட்டி!" கறிக்கொழம்பு கொண்டு போனா தூக்குல அடுப்புக்கரியும் இரும்பாணியும் போடறோம், பிள்ள பெத்தவ தலமாட்டுல அருவாமண வெக்கறோம், ராத்திரில பாம்புன்னு சொல்லாம விடறோம், விஷம் உள்ளதுக்கு நல்ல பாம்புன்னு பேர் வெச்சிருக்கோம். எல்லாம் ஒண்ணுதான்.

அப்புறம் அவளே நீலி கதைய எடுத்தா. கள்ளிக்கொம்ப ஒடிச்சு பிள்ளையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, ஒரு வியாபாரியக் காட்டி இவன் என் புருஷன்னு பழையனூர் எழுபது வேளாளர் முன்னாடி அழுதாளே, அவங்க நம்பி அவன் கைல இருந்த கத்திய வாங்கி வெச்சுக்கிட்டாங்களே, இரும்பு கைய விட்டுப் போன ராத்திரி அவன் செத்தான். போன ஜென்மத்துல பொண்டாட்டியக் கொன்னவன் அவன், அந்தப் பொண்டாட்டிதான் பேயா வந்த நீலி. இசக்கியம்மன்னு ஊர்ல கும்புடறதும் இவளத்தான்னு ஆச்சி சொல்றா. பயமும் உண்டு, பாசமும் உண்டு, பொங்கலும் உண்டு.

நான் சொல்ல வந்ததே இதான். தமிழ்ல இந்த மாதிரி கதை எழுதறவங்க, மொழிபெயர்க்கறவங்க, தயவுசெஞ்சு தேவதை சூனியக்காரி ரெண்டையும் விடுங்க. தேவதைன்னு சொன்ன உடனே பயம் போயிடுது, பயம் போனா அவன் சிறகு வெச்ச பணக்கார மாப்பிள்ளை, வேற ஒண்ணும் இல்ல. சூனியக்காரின்னு சொன்னா அவள யாருக்கும் காதலிக்கத் தோணாது, அடிக்கத்தான் தோணும். நம்மகிட்ட அணங்குன்னு ஒரு சொல் இருக்கே. வருத்தறதுன்னும் அர்த்தம், பாத்தா நெஞ்சு கலங்கற தெய்வப் பொண்ணுன்னும் அர்த்தம். காமத்துப்பால் முதல் குறளே, 1081, "அணங்குகொல்"னு தான ஆரம்பிக்குது. அவளப் பாத்த உடனே அவனுக்கு வர்ற முதல் சந்தேகமே இவ மனுஷிதானா அப்டிங்கறது. காதலும் பயமும் ஒரே மூச்சுல.

ஸ்காட்லாந்து கதைப்பாட்டு டாம் லின்லயும் இதேதான். ஃபேரிங்க புடிச்சு வெச்சிருக்கற ஒருத்தன மீட்கணும்னா ஹாலோவீன் ராத்திரி அவனக் குதிரைலருந்து இழுத்துக் கட்டிப் புடிக்கணும், அவன் பாம்பாவான், கரடியாவான், பழுக்கக் காய்ச்சின இரும்பாவான், விடக்கூடாது. வயித்துல பிள்ளையோட அந்தப் பொண்ணு புடிச்சுட்டு நிக்கறா. இதுக்கு மேல ரொமான்ஸ் என்ன வேணும்?

நான் படிக்கற நாவல்ல இந்தப் பிடி பாதிலயே தளர்ந்து போச்சு. ஆரம்பத்துல இரும்பு பட்டு அவன் கை வெந்து போகும், முந்நூறாவது பக்கத்துல அவளப் பாக்க வரவன் இரும்பு கேட்டத் தள்ளிட்டு உள்ள வரான். எனக்குத் தோணவே இல்ல, அந்த முத்தத்துக்காக வேகமாப் படிச்சுட்டேன். ஆச்சிதான் புடிச்சா. "சுடும்னு சொன்னியே, எப்டிட்டி தொட்டான்?" பதில் புக்ல இல்ல. எனக்கு அந்த எழுத்தாளர் மேல நிஜமாவே கோவம் வந்துச்சு, அவன் கை வெந்துக்கிட்டே அந்த கேட்டத் தள்ளியிருந்தா அது எப்பேர்ப்பட்ட காதல்!

நேத்து ராத்திரி சொன்ன பாகத்துல ஊர்க்காரங்க தீப்பந்தத்தோட மருத்துவச்சி வீட்டுக்கு வராங்க. அந்த இடத்துல அந்த வார்த்தய சொல்லித்தான் ஆகணும், மாத்தினா கதை பொய்யாயிடும். நான் நிறுத்திட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சொல்லுட்டி, அதான் எனக்குத் தெரியுமே"ன்னா. சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. லைட்ட அணைச்ச பிறகு இருட்டுல கேட்டா, "அவ வாசல்ல எத்தன பேரு நின்னாவ?"

புக்ல எண்ணிக்கை போடல, நிறைய பேருன்னேன்.

"நம்ம வாசல்ல ஏழு பேரு."